உதவி: மோட்சார்ட்டின் 'ஆவே வேரும்' கேசட் பதிவு, ஆப் காட்டும் வேகமும் சுருதியும் ஒத்துவரவில்லை

ஞானஒளிவுபுரம் ஆல்டோ:

வணக்கம். மதுரையில் எங்கள் கோயில் பாடகர் குழுவுக்கு நான்தான் கீபோர்டு வாசித்துப் பாட்டு பழக்குகிறேன். வரும் கிறிஸ்துவின் திருவுடல் திருஇரத்தப் பெருவிழாவில், நற்கருணை வழங்கும் நேரத்தில் மோட்சார்ட்டின் 'ஆவே வேரும் கோர்புஸ்' என்ற லத்தீன் பாட்டைப் பாட வேண்டும் என்பது பல வருட ஆசை. 22 பேர் இருக்கிறோம். நோட்டேஷன் படிக்கத் தெரிந்தவர்கள் நான்கு பேர்தான், மற்றவர்கள் கேட்டுக் கேட்டுத்தான் பிடிப்பார்கள். அதனால் பதிவு சரியாக இருந்தே ஆக வேண்டும்.

எங்கள் பழைய பாடகர் குழுத் தலைவர் வைத்திருந்த கேசட்டை ஒரு கடையில் கொடுத்து போனுக்கு மாற்றி வாங்கினேன். நோட்டேஷனில் டி மேஜர். கீபோர்டை வைத்துக் கேட்டால் பதிவு அரை சுரம் இறங்கி இருக்கிறது. பாட்டைக் கேட்டு அதன் சுருதி, வேகம், உணர்வைச் சொல்லும் ஒரு ஆப்பும் சி ஷார்ப் மேஜர் என்கிறது. வேகம் நிமிடத்துக்கு 121 அடி என்றும், உணர்வு 'சோகம்' என்றும் காட்டுகிறது. அடாஜியோ, அதாவது மெதுவாக, என்று எழுதிய பாட்டுக்கு 121 எப்படி வரும்? பாட்டின் நீளம் 3 நிமிடம் 2 விநாடி. கீபோர்டில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒன்று இறக்கிப் பழக்கிவிடலாமா?

சுதிப்பெட்டி:

வேகம் எளிது, அதை முதலில் முடித்துவிடுவோம். இந்தப் பாட்டு மொத்தம் 46 பார், அதாவது நோட்டேஷனில் கோடு போட்டுப் பிரித்த 46 தாளப் பகுதிகள். பாருக்கு நான்கு அடி என்று வைத்தால் 184 அடி. அதை 182 விநாடியில் பாடினால் நிமிடத்துக்குச் சுமார் 61. ஆப் ஒவ்வோர் அடியையும் இரண்டாக எண்ணியிருக்கிறது, அவ்வளவுதான். தாளவாத்தியமே இல்லாத பதிவில் அதற்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. இன்னொன்று, மோட்சார்ட் பாருக்கு இரண்டு அடியாக எண்ணும்படிதான் எழுதியிருக்கிறார். நீங்களும் கையை இரண்டாகவே போடுங்கள், அடி நிமிடத்துக்கு 30 சொச்சம் வரும். நான்காகப் போட்டால் பாடுகிறவர்கள் ஒவ்வோர் அசையிலும் உட்கார்ந்துவிடுவார்கள்.

சுருதிக்கு: நம் கணக்கில் டி இரண்டு கட்டை. உங்கள் பதிவு ஒன்றரைக் கட்டையில் ஓடுகிறது. பழைய பாணி வாத்தியக் குழுக்கள் சுருதியை இறக்கி வைத்து வாசிப்பது உண்டு, அதுவாக இருக்கலாம்.

டேப் மெக்கானிக்:

சுதிப்பெட்டி அண்ணே, அதில் எனக்குச் சந்தேகம். இன்று ஏ சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் வைக்கிறார்கள். 415-க்கு இறக்கினால் சரியாக அரை சுரம் குறையும்தான், ஆனால் அது மோட்சார்ட்டுக்கு முந்தைய பரோக் கால இசைக்கு வைப்பது. மோட்சார்ட் காலத்துப் பாட்டுக்குப் பெரும்பாலும் 430 வைப்பார்கள். அப்படியானால் அரை சுரத்தில் பாதிகூடக் குறையாது. முழுசாக அரை சுரம் இறங்கியிருப்பதால் எனக்குக் கேசட் ஓட்டிய டெக் மேல்தான் சந்தேகம். ரப்பர் பெல்ட் தளர்ந்தாலோ, மோட்டாரின் வேகம் திருத்தும் ஸ்க்ரூ நகர்ந்தாலோ டேப் மெதுவாக ஓடும். சரியான ஓட்டம் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர். அதில் சுமார் ஆறு சதவீதம் குறைந்தால் சுருதி அரை சுரம் விழும், பாட்டும் அதே அளவு நீளும்.

அக்கா, கேசட்டின் மறுபக்கத்தில் என்ன இருக்கிறது? சுருதி தெரிந்த பாட்டு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். டிரான்ஸ்போஸ் பட்டனை இப்போதைக்குத் தொட வேண்டாம். தப்பான வேகம் காதில் ஏறிவிட்டால் இறக்குவது கஷ்டம்.

ஞானஒளிவுபுரம் ஆல்டோ:

மறுபக்கத்தில் எங்கள் கோயில் கிறிஸ்துமஸ் பாட்டுகள். கீபோர்டு வாசித்தது நானேதான், முதல் பாட்டு எஃப் மேஜர் என்று நன்றாக நினைவு இருக்கிறது. இப்போது போட்டுப் பார்த்தேன், ஈ மேஜரில் கேட்கிறது. அன்று பாடிய எங்கள் பெரியம்மா குரல்கூட ஆண் குரல் மாதிரி கனத்துக் கிடக்கிறது. சோர்வாகப் பாடினார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் இப்போது இல்லை.

டேப் மெக்கானிக்:

அப்படியானால் சந்தேகமே வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே அளவு இறங்கியிருக்கிறது, கடையில் ஓட்டிய டெக்தான் மெதுவாக ஓடியிருக்கிறது. கேசட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. முடிந்தால் நல்ல டெக்கில் மறுபடி மாற்றுங்கள், அதுதான் நல்லது. அதுவரை ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் கோப்பைத் திறந்து, வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் கட்டளையில் 5.95 சதவீதம் கூட்டுங்கள். சுருதியை மட்டும் ஏற்றும் கட்டளை வேண்டாம், நீளம் அப்படியே நின்றுவிடும். பெரியம்மா பாட்டுக்கும் இதையே செய்யுங்கள் அக்கா.

லத்தீன் வாத்தியார்:

வேகமும் சுருதியும் முடிந்தது. அந்த 'சோகம்' என்ற சொல்லைக் குழுவிடம் சொல்லிவிடாதீர்கள் அம்மா. 1791 ஜூனில், வியன்னாவுக்கு அருகே பாடன் என்ற ஊர்க் கோயிலில் பாடகர் குழுவை நடத்திய அன்டன் ஸ்டோலுக்காக மோட்சார்ட் எழுதிக்கொடுத்த பாட்டு இது, அதுவும் நீங்கள் பாடப்போகும் இதே பெருவிழாவுக்காக. அந்த டிசம்பரிலேயே அவர் இறந்துபோனதால் பலர் இதற்கும் துக்கச் சாயம் பூசுகிறார்கள். பாட்டு முக்கால்வாசி மேஜர், நம் சங்கராபரண வழி. விலா குத்தித் திறக்கப்பட்டதைச் சொல்லும் வரியில் எஃப் மேஜர் பக்கம் திரும்பி, டி மைனர் சாயல் ஒரு நிழல் போல வந்து போகும். மறுபடி 'எஸ்தோ நோபிஸ்' என்று தொடங்கும் கடைசி வரி வரும்போது வீட்டுக்குத் திரும்பிய நிம்மதி. அவர் கேட்டது 'சொட்டோ வோச்சே', அதாவது குரலை அடக்கிப் பாடு என்பது. நற்கருணை முன் முழந்தாளில் இருப்பவர் முணுமுணுப்பது போல் பாடச் சொல்லுங்கள். அழுகை வேண்டாம்.

ஞானஒளிவுபுரம் ஆல்டோ:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. திருத்தியதும் நீளம் 2 நிமிடம் 52 விநாடி ஆனது, சுருதி சரியாக டி, கணக்குப் போட்டால் வேகம் 64. நேற்றுப் பயிற்சியில் இதைப் போட்டேன். போன வாரம் மூச்சு போதாமல் நடுவில் அறுத்த வரிகளை இந்த முறை ஒரே மூச்சில் முடித்தார்கள். பெரியம்மாவின் பாட்டை அவர் மகளுக்கு அனுப்பினேன், இன்னும் பதில் வரவில்லை.

'எஸ்தோ நோபிஸ்' இடத்தில் பெண்கள் முதலில் தொடங்க, ஆண்கள் பின்னால் வர வேண்டும். டெனர், அதாவது ஆண்களில் மேல் குரல் பாடுகிறவர்கள், இரண்டு பேர் இன்னும் முந்துகிறார்கள். புதன்கிழமை அந்த இடத்தை மட்டும் தனியாக எடுக்கிறேன்.