ஒரு மூலை இறங்கும் பழைய நீச்சல் குளம்: விரிசலை அடைத்தால் போதுமா?

கேள்வி

வணக்கம். வீட்டின் பின்புறத்தில் உள்ள எங்கள் கான்கிரீட் நீச்சல் குளத்துக்கு 25 வயது ஆகிறது. நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர், சராசரி ஆழம் 1.5 மீட்டர். ஆழமான பக்கத்தின் ஒரு மூலை இறங்கியிருப்பதைத் தண்ணீரே காட்டிக் கொடுக்கிறது: மற்ற மூன்று மூலைகளில் டைல்ஸ் வரிசையின் நடுவில் நிற்கும் நீர், அந்த மூலையில் மட்டும் விளிம்புக் கல்லை எட்டிவிடுகிறது. வேறுபாடு 34 மில்லிமீட்டர். அதை ஒட்டிய சுவரில் நகம் நுழையும் அளவுக்குச் சாய்வான விரிசல் ஒன்றும் உள்ளது. சென்ற ஆண்டு சிமெண்ட் பூசி அடைத்தோம். ஆறே மாதத்தில் அதே இடத்தில் பிளந்துவிட்டது. இப்போது குளத்தை முழுவதும் காலி செய்து, விரிசலில் எபாக்ஸி (இறுகிக் கெட்டியாகும் பிசின்) செலுத்தி, மேற்பூச்சைப் புதிதாகப் போட்டுவிடலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். ஒப்புக்கொள்ளலாமா?

பதில் 1

முதலில், அவசரப்பட்டுக் காலி செய்யாதீர்கள். உங்கள் குளத்தில் இருப்பது சுமார் 48 கனமீட்டர், அதாவது 48 டன் தண்ணீர். குளத்தை மண்ணில் அழுத்தி வைத்திருப்பதில் பெரும்பங்கு அந்த எடைக்குத்தான். நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் சமயத்தில் அதை இறைத்துவிட்டால், வெற்றுத்தொட்டி படகைப் போல மேலே எழும்பும். அடிவடிகாலில் அழுத்தம் தணிக்கும் வால்வு இருக்கலாம், ஆனால் 25 ஆண்டுப் பழைய வால்வை நம்பி இறங்குவது வீண் துணிச்சல்.

பதில் 2

கட்டுமானத் துறையில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். 34 மில்லிமீட்டர் என்ற எண் மட்டும் எனக்கு எதையும் சொல்வதில்லை. கட்டும்போதே விளிம்பு மட்டம் தவறியிருந்தால் அதில் ஒரு பகுதி பிறவிக் குறையாகவும் இருக்கலாம். அந்த எண் இன்னும் வளர்கிறதா என்பதே கேள்வி. குளத்து நீரைவிட நல்ல ரசமட்டம் உங்களுக்குக் கிடைக்காது: காற்றில்லாத நேரத்தில் பம்பை நிறுத்தி, அலை அடங்கியபின், விளிம்பின் எட்டு இடங்களிலிருந்து நீர்ப்பரப்பு வரை அளந்து தேதியுடன் குறித்து வையுங்கள், மாதம் ஒருமுறை அதே இடங்களில் மீண்டும் அளந்து, ஓர் ஈரப் பருவமும் ஓர் உலர் பருவமும் கடக்கும்வரை தொடருங்கள். களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும் என்பதால் ஒரே பருவத்து அளவு ஏமாற்றிவிடும். விரிசலின் குறுக்கே, நீர்மட்டத்துக்கு மேலே, மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி வைத்தால், அசைவு தொடரும்போது அது உடைந்து காட்டும்.

இதற்கிடையே கசிவைச் சோதியுங்கள். ஒரு வாளியில் நீர் நிரப்பி, உள்ளும் புறமும் நீர் ஒரே மட்டத்தில் இருக்குமாறு குளத்தின் படியில் வைத்து, இரண்டு மட்டங்களையும் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். வாளியில் குறைவது ஆவியாதல். குளத்தில் அதற்குமேல் குறைவது கசிவு.

கேட்டவர்

மிக்க நன்றி. வாளியில் 5 மில்லிமீட்டர் குறைந்தது, குளத்தில் 14. பம்பை நிறுத்திவிட்டுச் செய்தபோதும் ஏறத்தாழ அதே அளவுதான். விரிசலருகே சாயத்துளி விட்டுப் பார்த்தேன், அசையாமல் நின்றது. ஆனால் ஸ்கிம்மரின் (மிதக்கும் குப்பையை நீரோடு உறிஞ்சும், சுவரில் பதித்த பெட்டி) வாய், சுவரைச் சந்திக்கும் இடத்தில் விட்ட துளியோ நூல்போல நீண்டு உள்ளே போய்விட்டது. அந்த ஸ்கிம்மர் இருப்பது இறங்கிய மூலைக்கு அருகில்தான்.

பதில் 2 (தொடர்ச்சி)

திருடன் அகப்பட்டுவிட்டான் என்றே நினைக்கிறேன். 32 சதுரமீட்டர் பரப்பில் 9 மில்லிமீட்டர் என்றால் நாளொன்றுக்கு 288 லிட்டர். இவ்வளவு நீர் ஒரே மூலையில் இறங்கினால், நிரப்பு மண்ணின் நுண்துகள்களை அரித்துக்கொண்டு போய் அடியில் வெற்றிடம் உண்டாக்கிவிடும். கூரை நீரும் அதே பக்கம் விழுகிறதா என்று பார்த்துத் திருப்பிவிடுங்கள்.

ஸ்கிம்மர் இணைப்பைச் சரிசெய்ய, நீர்மட்டத்தை அதன் வாய்க்குக் கீழே இறக்கினால் போதும். பிறகு அளவுகளைக் கவனியுங்கள். இறக்கம் நின்றுவிட்டால் விரிசலுக்கு எபாக்ஸி பொருந்தும். நிற்காத நிலையில் எபாக்ஸி போட்டால், அடைத்த இடம் பிளக்காது, அதன் பக்கத்துக் கான்கிரீட் பிளக்கும். அப்போது மண் பரிசோதனை செய்து, வெற்றிடத்தை நிரப்பும் கிரவுட்டா (செலுத்தியபின் இறுகும் குழம்பு), உறுதியான மண்ணடுக்குவரை இறங்கும் மெல்லிய பைல்களா (நிலத்தடித் தூண்கள்) என்று பொறியாளர் முடிவு செய்யட்டும்.

பதில் 3

ஒன்றைச் சேர்க்கிறேன். எதைச் செலுத்துவதானாலும் அதற்குமுன் குழாய்களை அழுத்தச் சோதனை செய்துவிடுங்கள். உடைந்த குழாய்க்குள் கிரவுட் புகுந்து இறுகிய கதையை நான் நேரில் பார்த்திருக்கிறேன், கசிவைவிட அதைச் சரிசெய்யத்தான் அதிகம் தோண்ட வேண்டியிருந்தது. இறங்கிய மூலையைத் தூக்கி நிறுத்தும் ஆசையும் வேண்டாம். தூக்கும்போது புது விரிசல் விழலாம். இறக்கம் நின்றது உறுதியானால், அந்த 34 மில்லிமீட்டரை அப்படியே விட்டு, டைல்ஸ் வரிசையை மட்டும் நீர்மட்டத்துக்கு இணையாக மாற்றிப் பதிக்கச் சொல்லுங்கள்.