கூடலூர் சிக்கிள் செல் பரிசோதனைக்கு உதவி தேவை

வணக்கம். நீலகிரி மாவட்டத்துக் கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பணியர், முள்ளுக்குறும்பர் பழங்குடி ஊர்களில், சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோயான சிக்கிள் செல் சோகைக்குப் பரிசோதனை நடக்கிறது. அந்தந்த ஊர்ப் பெண்களே வீடுவீடாகப் போய் விளக்கி அழைத்து வருகிறார்கள்.

விரல்நுனி இரத்தத்தில் செய்யும் கரைதிறன் சோதனை, நோயாளியையும், நோயின்றி அதன் மரபணுவை மட்டும் சுமப்பவரையும் பிரித்துக் காட்டாது. 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கும் அண்மையில் இரத்தம் ஏற்றியவருக்கும் 'இல்லை' என்று தவறாக வரலாம். எனவே ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி (HPLC) சோதனையில் உறுதிசெய்தே தீர வேண்டும். அந்த வசதியுள்ள ஆய்வகம் தெரிந்தால் சொல்லுங்கள்.

இரத்தம் உறையாமல் காக்கும் 2 மில்லி ஊதா மூடி இடிடிஏ (EDTA) குழாய்களும், 2 முதல் 8 டிகிரியில் மாதிரி கொண்டுபோகும் பெட்டிகளும் வேண்டும். குழாய் ஐஸ்கட்டியில் நேராகப் பட்டால் செல்கள் உடையும். நடுவே துணி வைக்க வேண்டும்.

பணிய மொழி பேசுபவர்கள் அவசியம் வாருங்கள். முடிவைத் தனியாக, அவரவர் மொழியில் சொல்லாவிட்டால் சுமப்பவரையும் நோயாளி என்று ஒதுக்கிவிடுவார்கள்.