லிங்க் விற்க வருகிற ஆக்கள்: உங்கள் அனுபவம் எப்படி?

பாசிக்குடாக் கடற்கரையில் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிற அண்ணன் ஒருவரின் வெப்சைட்டை நான்தான் பார்த்துக் கொடுக்கிறேன். போன சீசனுக்கு முன்னர் அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் வந்திருக்கிறது: ஒரே மாதத்தில் ஆயிரம் பேக்லிங்க் (மற்றத் தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வருகிற லிங்க்), கூகுளில் முதல் பக்கம் நிச்சயம். மனிசன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே காசைக் கட்டிவிட்டார். பிறகு வேலை முடிந்தது என்று ஒரு எக்செல் ஷீட் வர, "தம்பி, இதை ஒருக்காப் பாரு" என்று எனக்கு அனுப்பினார்.

திறந்து பார்த்தால், ஒரு பக்கத்தில் சூதாட்ட விளம்பரத்துக்கும் உடம்பு மெலிகிற மாத்திரைக்கும் நடுவில் இவருடைய கெஸ்ட் ஹவுஸ் நிற்கிறது. இன்னொன்றில் பாசிக்குடாவின் மலைக்குளிரை அனுபவிக்க வாருங்கள் என்று எழுதியிருக்கிறது! எல்லா லிங்கிலும் ஒரே சொற்றொடர், ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. வாசிக்கிறதுக்கு இல்லை, கூகுளுக்குக் காட்டுகிறதுக்கு மட்டும் கட்டின பக்கங்கள் என்று பார்த்தவுடனே தெரியும். "டிஏ அறுபதுக்கு மேல" என்று அவர்கள் பெருமை அடித்த எண்ணும் (டொமைன் அதோரிட்டி, தளத்தின் பலத்துக்கு ஒரு மதிப்பெண்) மோஸ் என்ற கம்பனி தன் கணக்கில் போடுவது, கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை.

2012இல் பென்குயின் என்ற கூகுள் அல்காரிதம் வந்த நேரம் இப்படி லிங்க் வாங்கின தளங்கள் அடியோடு விழுந்தன. 2016க்குப் பிறகு அந்த அல்காரிதம் பெரும்பாலும் இப்படியான லிங்கைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறது. அண்ணனுக்கும் அதுதான் நடந்தது, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, காசு மட்டும் போனது. இந்த லிங்குகளைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளுக்குக் கொடுக்கிற டிஸவோ ஃபைல் போடவா என்று கேட்டார். தளக்காரருக்குக் கூகுள் தருகிற சேர்ச் கன்சோலில் மேனுவல் ஆக்ஷன் (கூகுள் ஆட்களே பார்த்துப் போடுகிற தண்டனை) ஒன்றும் இல்லை, அதனால் கை வைக்காமல் விடச் சொன்னேன்.

உண்மையில் லிங்க் கொண்டுவந்தது வேறொரு பக்கம். கொழும்பிலிருந்து ரயிலில் வருகிறவர் வாழைச்சேனையில் இறங்குவதா கல்குடாவில் இறங்குவதா, ஆட்டோவுக்கு எவ்வளவு கேட்பார்கள், எந்த மாதம் கடல் அமைதி, மாரி தொடங்கினால் என்ன நிலை, பிள்ளைகள் எவ்வளவு தூரம் நடந்து இறங்கலாம் என்று அண்ணன் வாயால் சொல்லச் சொல்ல நான் எழுதிப் போட்டது. ரூம் பற்றி அதில் கடைசியில் ஒரு வரிதான். பயண வலைப்பதிவு எழுதுகிற வெள்ளைக்காரர்கள் தாங்களாகவே அதற்கு லிங்க் கொடுத்தார்கள், ஒருவரிடமும் போய்க் கேட்கவில்லை.

---

மருதமுனையிலிருந்து எழுதுகிறேன், எங்களுக்குக் கைத்தறிச் சாறிக் கடை. சேர்ச் கன்சோலில் லிங்க்ஸ் பகுதியைப் பார்த்தால் ஒன்று விளங்கும்: விலைப் பக்கத்துக்கு ஒருவரும் லிங்க் கொடுக்க மாட்டார்கள். பாவு ஓடுவதிலிருந்து தறியில் ஏற்றுவது வரை வாப்பா வேலை செய்யச் செய்யப் படம் எடுத்துப் போட்ட பக்கத்துக்குத்தான் வெளிநாட்டில் நெசவு பழகுகிற ஆக்கள் லிங்க் தந்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்திலிருந்து சாறிப் பக்கங்களுக்கு நாங்களே உள் லிங்க் போட்டோம், அது முக்கியம், நிறையப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம், கல்முனையில் கல்யாணப் படம் எடுக்கிற நானா ஒருவர் எங்கள் சாறி கட்டின மணமகளின் படத்தைத் தன்னுடைய தளத்தில் போட்டு, கடைப் பெயரையும் எழுதியிருந்தார், லிங்க் மட்டும் இல்லை. "நானா, அந்தப் பேரிலேயே லிங்கையும் வெச்சிருங்களேன்" என்று கேட்டதும் அன்றைக்கே செய்தார். பேஸ்புக்கில் பகிர்கிற லிங்குகள் நோஃபாலோ (இந்த லிங்கை ரேங்கிங்குக்கு எடுக்க வேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்கிற குறி), ரேங்கிங்குக்கு அவ்வளவாக உதவாது, ஆனால் வாங்குகிற சனம் அங்கேயிருந்துதான் வருகிறது. அதனால் அதையும் விடுவதில்லை.

---

பொத்துவில் பக்கம், சர்ஃப் போர்ட் வாடகைக்குக் கொடுக்கிற இடம். எனக்கு வாட்ஸ்அப்பில் லிங்க் விற்க வந்தவர் கொஞ்சம் டீசன்ட், பயணத் தளம் ஒன்றில் அறுகம்பை பற்றிக் கட்டுரை போட்டு லிங்க் தருகிறாராம், டொலரில் காசு. காசு கொடுத்து வாங்குகிற லிங்கில் ஸ்பொன்சர்ட் என்றோ நோஃபாலோ என்றோ குறிக்க வேண்டும் என்பது கூகுளின் விதி, 2019இலேயே அதற்கென்று ஸ்பொன்சர்ட் என்ற தனிக் குறி கொண்டுவந்துவிட்டார்கள். அந்தக் குறியோடு போடுவீர்களா என்று கேட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அடுத்த மாதம் வேறு நம்பரிலிருந்து அதே மெசேஜ், விலை மட்டும் பாதி.