தண்ணீர் முறை மாறியதை நகராட்சி சொல்லவே இல்லை: எழுத்தில் வாங்குவது எப்படி?

கீழத்தெரு:
ஒருநாள் விட்டு ஒருநாள் வந்துகொண்டிருந்த குடிநீர், கோடையில் நான்கு நாளாகி இப்போது ஆறு நாளுக்கு ஒருமுறை. ஆற்றில் ஊற்று வற்றிவிட்டது, அது புரிகிறது. ஆனால் எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்று ஒரு தட்டிகூட வைக்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்குத் திறந்து நான்கு மணிக்கு அடைத்துவிடுகிறார்கள். கவுன்சிலர் 'வாரியத்திலிருந்தே வரவில்லை' என்கிறார். அலுவலகத்தில் 'வால்வுக்காரரைக் கேளுங்கள்' என்கிறார்கள். முதல்வர் உதவி எண் 1100-இல் புகார் கொடுத்தால், லாரியில் விட்டதாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அட்டவணையை எழுத்தில் வாங்க வழி உண்டா? அதுவரை வீட்டில் என்ன செய்வது?

வால்வுச்சாவி:
அட்டவணை இருக்கிறது. வால்வு திறப்பவரின் சட்டைப்பை நோட்டில் இருக்கிறது, அவ்வளவுதான்.

கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில், குடிநீர் வடிகால் வாரியம் நகராட்சியின் தரைமட்டத் தொட்டி வரை தண்ணீரைக் கொண்டுவந்து விடும். அங்கிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றித் தெருவுக்கு விடுவது நகராட்சி வேலை. வறட்சியில் வரத்து நாளுக்கு நாள் மாறும். நீரேற்று நிலையத்தில் கரன்ட் போனால் இன்னும் குறையும். தொட்டி நிரம்பும் நேரம்தான் வால்வு திறக்கும் நேரம், அதனால்தான் மூன்று மணி. ஆக, மணிக்கணக்கை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பது உண்மை. வரிசையைச் சொல்ல முடியும்: 'இந்தத் தொட்டியில் முதலில் மேலத்தெரு, அடுத்த நிரப்பில் கீழத்தெரு.' அதைச் சொல்லாததற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. எழுதி ஒட்டினால் மீறியது தெரிந்துவிடும், அதுதான் சங்கடம்.

உங்கள் தெருவுக்கு எந்தத் தொட்டி என்று முதலில் கண்டுபிடியுங்கள். கொள்ளளவு பெரும்பாலும் தொட்டியிலேயே எழுதியிருக்கும். உதாரணத்துக்கு 5 லட்சம் லிட்டர் தொட்டி, 1,200 இணைப்பு என்று வையுங்கள். ஒரு நிரப்புக்கு வீட்டுக்குச் சுமார் 417 லிட்டர். ஆறு நாளுக்கு அதுதான் என்றால், நான்கு பேர் உள்ள வீட்டில் தலைக்கு ஒருநாள் 17 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகருக்கு மத்திய அரசின் அளவுகோல் 135 லிட்டர். இந்தக் கணக்கோடு போனால் பொறியாளர் உட்கார வைத்துப் பேசுவார்.

பத்துரூபாய்வில்லை:
'ஏன் தண்ணீர் வரவில்லை' என்று தகவல் உரிமை மனுவில் கேட்காதீர்கள். 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் சொல்லக் கடமை இல்லை என்று தள்ளிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்:

மேல்நிலைத் தொட்டி தினசரி நிரப்புப் பதிவேடு, கடந்த 60 நாள். நீரேற்று நிலைய லாக் புக். வார்டு வாரியாக வால்வு திறப்பு முறை. லாரி நடைப் பதிவேடு (எந்தத் தெரு, எத்தனை நடை, எத்தனை லிட்டர்). விநியோக இடைவெளியை மாற்றிய உத்தரவு அல்லது மன்றத் தீர்மானம்.

கடைசி வரி முக்கியம். உத்தரவே இல்லை என்று பதில் வந்தால், அதுவே உங்களுக்குச் சாதகமான ஆவணம். லாரிப் பதிவேடு 1100 பதிலைச் சரிபார்க்க.

பொதுத் தகவல் அலுவலர், நகராட்சி அலுவலகம் என்று முகவரியிட்டு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை ஒட்டி, ஸ்பீடு போஸ்ட்டில் பதிவு செய்து அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

கோடை அதற்குள் முடிந்துவிடும் என்பீர்கள். அதனால் அதே நாளில் ஆணையருக்குத் தனிக் கடிதம் ஒன்று கொடுங்கள்: தகவல் உரிமைச் சட்டத்தின் 4(1)(சி), 4(1)(டி) பிரிவுகளின்படி, மக்களைப் பாதிக்கும் முடிவின் விவரத்தையும் காரணத்தையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும், விநியோக வரிசையைத் தொட்டியடியிலும் வார்டு அலுவலகத்திலும் ஒட்டுங்கள் என்று. நகலில் தபால் பிரிவு முத்திரை வாங்காமல் வராதீர்கள்.

தெற்குவெளி:
நிலவரம் சொன்னால் மக்கள் பயந்து பதுக்குவார்கள் என்று ஒரு வாதம் வைப்பார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில், வறட்சியின்போது 2018 பிப்ரவரியில் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று அறிவித்து, அணை மட்டத்தையும் நகரின் பயன்பாட்டையும் வாராவாரம் வெளியிட்டார்கள். பயன்பாடு இறங்கியது, குழாய்களை அடைக்கும் நாள் வரவே இல்லை. சென்னையில் ஏரி மட்டம் தினமும் இணையத்தில் வருகிறது, நல்லதுதான். ஆனால் 2019-இல் விநியோகம் 830-இலிருந்து 525 எம்எல்டி (நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர் கணக்கில்) ஆனபோது, அந்த ஏரி மட்டத்தை வைத்து உங்கள் தெருவுக்கு என்றைக்கு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தெரு அளவில் சொல்வதுதான் அறிவிப்பு.

மிதவை:
வீட்டுக்கு: தெருக்குழாயைவிடத் தாழ்வாகச் சம்ப் இருந்தால் அரை இஞ்ச் மிதவை வால்வு போட்டு, கேட் வால்வை எப்போதும் திறந்தே வையுங்கள். மூன்று மணிக்கு வந்தாலும் தானே நிரம்பும். ஒரே சிக்கல், நீண்ட இடைவெளிக்குப் பின் முதலில் வருவது காற்றும் துருவும் கலங்கலும்தான். அதில் பெரும்பகுதி சம்ப்பில் இறங்காமல் இருக்க, மிதவைக்கு முன்னால் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு வெளிக்குழாய் வைத்து, அதைத் திறந்தே விடுங்கள். அதன் அடியில் காலி எவர்சில்வர் குடம். காற்று சீறி, குடத்தில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு விழிப்பு வந்துவிடும். கலங்கலை வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு வைத்துவிட்டு, தெளிந்ததும் வெளிக்குழாயை மூடினால் முழுவதும் சம்ப்புக்கு இறங்கும்.

குழாயில் நேரடியாக மோட்டார் போடாதீர்கள். தடை என்பது ஒருபுறம். உறிஞ்சும்போது, விரிசல் விட்ட இணைப்பு வழியாகச் சாக்கடை நீரும் உள்ளே வரும்; கடைசி வீட்டுக்கு ஒன்றும் போகாது.

கீழத்தெரு:
நன்றி. ஆறு நாள் தேக்கிய தண்ணீரைக் குடிக்கலாமா?

மிதவை:
குழாயில் வரும் குளோரின் அவ்வளவு நாள் தாங்காது. 1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம். வாளியில் கரைத்து, பத்து நிமிடம் படியவிட்டு, மேல் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் விட்டுப் புழங்கலாம். குடிக்க மட்டும் கொதிக்க வையுங்கள். ஈரம் பட்டுக் கட்டிதட்டிய பவுடரில் வீரியம் இருக்காது. டிரம்முக்கு மூடி மட்டும் போதாது, துணி கட்டுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழெட்டு நாள் போதும், உங்கள் முறை ஆறு நாள். அடியில் மிச்சம் வைத்து மேலே நிரப்பினால் புழு தொடர்ந்து வளரும். தண்ணீர் வரும் அன்று டிரம்மைக் கவிழ்த்து, உள்சுவரை நாரால் தேய்த்த பிறகு பிடியுங்கள். முட்டை ஒட்டியிருப்பது சுவரில்தான்.