தீராத புகாருக்குத் ‘தீர்ந்தது’ என்று செய்தி: அலுவலகக் கருவிகளும் சேவை மையங்களும் — உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

மொழிபெயர்ப்பு அலுவலகம் நடத்துபவர்:

அலுவலகக் கணினியை மாற்றியதிலிருந்து, பிரிண்டரில் ஸ்கேன் செய்யும் பக்கங்கள் பகிர்வுக் கோப்புறைக்கு வந்து சேரவில்லை. அச்சும் நகலும் ஒழுங்காக வந்தன. ஸ்கேன் மட்டும் ‘இணைப்பு தோல்வி’ என்ற ஒற்றை வரியோடு நின்றுவிட்டது. இந்தத் தொல்லை இங்குள்ள பலருக்கும் தெரிந்ததுதான் என்பதால் நேராக நடந்ததற்கு வருகிறேன்.

பிரிண்டர் நிறுவனத்தார் கணினியில் கோளாறு என்றார்கள். கணினி விற்றவர்கள் நெட்வொர்க்கைப் பார்க்கச் சொன்னார்கள். இணையச் சேவை தருபவர்கள் பிரிண்டரைப் பார்க்கச் சொன்னார்கள். மூவரும் ஒருமித்துச் சொன்னது, ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்பது மட்டுமே. மறுபடியும் பிரிண்டர் நிறுவனத்தை அழைத்தபோது, எடுத்த ஊழியர் விவரங்களையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னைக் காத்திருப்பில் வைத்தார். அவர் வைத்த இசை காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே கைபேசித் திரையில் ஒரு குறுஞ்செய்தி வந்தது: ‘உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?’

ஊழியர் திரும்பி வந்ததும் அந்தச் செய்தியை அவருக்குப் படித்துக் காட்டினேன். சற்றுத் தயங்கி, ‘என் திரையிலும் அப்படித்தான் காட்டுகிறது மேடம். முடித்த புகாரில் என்னால் ஒரு வரிகூடச் சேர்க்க முடியாது. புதிதாகப் பதிந்துகொள்ளட்டுமா?’ என்றார். குறையை அனுபவித்துக்கொண்டிருக்கும் நான் இணைப்பில் இருக்கும்போதே, என்னைக் கேட்காமல் அந்தக் குறை தீர்ந்துவிட்டதாக யாரோ எழுதி முடித்திருக்கிறார்கள் என்பது இன்றுவரை என் மனத்தை உறுத்துகிறது.

உண்மையான காரணத்தைப் பின்னர் ஒரு நெட்வொர்க் பணியாளர் கண்டுபிடித்தார். எங்கள் பிரிண்டர் கோப்புகளை அனுப்பிவந்தது எஸ்எம்பி முதற்பதிப்பு என்ற பழைய நெறிமுறையில். 2017 மே மாதத்தில், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை (WannaCry) என்ற தீநிரல் அந்த நெறிமுறையின் ஓட்டை வழியாகத்தான் உலகெங்கும் பரவியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வெளியான விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, அந்த நெறிமுறையில் வரும் கோப்புகளை வாங்கிக்கொள்ளும் பகுதி கணினியில் இயல்பாக நிறுவப்படுவதில்லை. பழைய கணினியில் அது இருந்தது, புதியதில் இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு. ஓட்டையுள்ள அந்த நெறிமுறையைக் கணினியில் மறுபடி இயக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நெறிமுறையின் புதிய பதிப்பில் அனுப்பும்படி அவர் பிரிண்டரின் ஃபர்ம்வேரை (அதன் உள்மென்பொருளை) புதுப்பித்தார். ஸ்கேன் வந்துவிட்டது. ‘கணினியை எப்போது மாற்றினீர்கள்?’ என்று முதலில் கேட்டவர் அவர்தான். மூன்று சேவை மையங்களில் ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

சிறு பதிப்பகத்தின் உரிமையாளர்:

என்ன தெரிகிறது என்று கேட்காததுதான் எனக்கு நேர்ந்ததும். எங்கள் லேசர் பிரிண்டரில் வந்த மெய்ப்புப் பக்கங்களில், இடது ஓரத்தை ஒட்டி மேலிருந்து கீழாக ஒரே சீரான இடைவெளியில் சிறு கரும்புள்ளிகள் விழுந்தன. தொலைபேசியில் பேசியவர் டிரைவரை (பிரிண்டரை இயக்கக் கணினியில் இருக்கும் மென்பொருளை) நீக்கி மீண்டும் நிறுவச் சொன்னார். அடுத்தவரும் அதையே சொன்னார். கணினியின் துணையில்லாமல் நேரடியாக நகலெடுத்தாலும் அதே புள்ளிகள் விழுகின்றன, ஆகவே டிரைவருக்கும் இதற்கும் தொடர்பு இருக்க முடியாது என்று விளக்கியும் பயனில்லை. டிரைவர் நிறுவி முடிந்தது என்று சொன்னால்தான் அடுத்த படிக்குப் போக முடியும் என்றார்.

கடைசியில் நேரில் வந்த மெக்கானிக் இயந்திரத்தைத் தொடவேயில்லை. பக்கத்தை மேசைமேல் விரித்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய அளவுகோலை எடுத்து, ஒரு புள்ளிக்கும் அதற்கு நேர்கீழே இருந்த அடுத்த புள்ளிக்கும் இடையிலுள்ள தொலைவை அளந்தார். ஏறத்தாழ 94 மில்லிமீட்டர். ‘டிரம்மில் கீறல்’ என்றார். உள்ளே சுழலும் ஒவ்வோர் உருளைக்கும் ஒரு சுற்றளவு உண்டு. எந்த உருளையில் கறை இருக்கிறதோ அந்தச் சுற்றளவுக்கு ஒருமுறை அந்தக் கறை தாளில் பதியும். எங்கள் இயந்திரத்தின் டிரம் 30 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது, அதன் சுற்றளவு 94-ஐத் தொட்டு வரும். டிரம்மை மாற்றியதும் பக்கம் வெளுத்து வந்தது. ஓர் அளவுகோலும் ஒரு தாளும் வீட்டிலும் அலுவலகத்திலும் யாரிடமும் இருக்கும். புள்ளிகளின் இடைவெளியை அளந்து சொல்லுங்கள் என்று தொலைபேசியிலேயே கேட்டிருந்தால், மெய்ப்பு அச்சகத்துக்குத் தாமதமாகப் போயிருக்காது.

முன்னாள் சேவை மைய ஊழியர், இப்போது கணினி உதிரிபாகக் கடை வைத்திருப்பவர்:

முதல் பதிவர் சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் அதில் ஊழியர்மீது விழும் நிழலை ஏற்க முடியவில்லை. அந்தப் புகாரை முடித்தது பெரும்பாலும் அந்த ஊழியராக இருக்காது. குறிப்பிட்ட காலத்துக்குள் வாடிக்கையாளரிடமிருந்து பதில் பதிவாகாவிட்டால் புகாரைத் தானாகவே முடித்துவிடும் ஏற்பாடு பல மையங்களில் உண்டு. ஓர் அழைப்பைச் சராசரியாக எவ்வளவு நேரத்தில் முடிக்கிறோம், முதல் அழைப்பிலேயே எத்தனை புகார்களைத் தீர்க்கிறோம் என்ற இரண்டு அளவுகளால்தான் எங்களை எடைபோட்டார்கள். ஒருமுறை, ஒரு வயதான கடைக்காரரின் பில் இயந்திரக் கோளாறை நிறுத்தி நிதானமாகக் கேட்டுத் தீர்த்தேன். அவர் குரலில் தெரிந்த ஆறுதல் இன்னும் நினைவில் இருக்கிறது. அந்த வாரக் கூட்டத்தில், அதே அழைப்பை நீண்ட அழைப்புக்கு எடுத்துக்காட்டாக எல்லோர் முன்னிலையிலும் ஓடவிட்டார்கள்.

ஆகவே, அழைக்கும் முன் நீங்கள் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். மாதிரி எண்ணையும் வரிசை எண்ணையும் ஃபர்ம்வேர் பதிப்பையும் இயந்திரத்தின் அமைப்புப் பக்கத்தை அச்சிட்டு எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டியிராது. பிழைச் செய்தியை உங்கள் சொற்களில் சொல்லாமல், திரையில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்துப் படியுங்கள். எது வேலை செய்யவில்லை என்பதைவிட, எது இன்னும் வேலை செய்கிறது என்பதையும் கடைசியாக எதை மாற்றினீர்கள் என்பதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். பதிப்பக உரிமையாளர் சொன்ன ‘நேரடி நகலிலும் புள்ளி வருகிறது’ என்பது பாதி நோயறிதலுக்குச் சமம், ஆனால் அது டிரைவர் பேச்சு தொடங்கிய பிறகு வந்தால் ஊழியரின் படிவத்தில் அதற்கு இடமில்லை. பேசி முடித்ததும், பேசியதன் சுருக்கத்தைப் புகார் எண்ணோடு மின்னஞ்சலில் அனுப்புங்கள். பதில் பதிவாகியிருந்தால் தானியங்கி ஏற்பாடு புகாரை எளிதில் முடிக்காது. முடித்துவிட்டாலும், புதிய புகார் பதிய ஒப்புக்கொள்ளாமல் பழையதைத் திறக்கச் சொல்லி மேலாளரைக் கேளுங்கள். முதல் நிலை ஊழியருக்கு அந்த அதிகாரம் இல்லை, மேலாளருக்கு உண்டு. புதிய எண் வாங்கினால் உங்கள் கதை முதல் வரியிலிருந்து தொடங்கும். இன்னொன்று: காலையில் முதல் வேளையில் அழையுங்கள். அழைப்புகள் குவியாத நேரத்தில், படிவத்தைத் தாண்டி யோசிக்க ஊழியருக்குச் சற்று மூச்சு இருக்கும்.

மொழிபெயர்ப்பு அலுவலகம் நடத்துபவர்:

நான் அந்த ஊழியரைக் குறைகூறவில்லை. பதிவை மறுபடி படித்தால் தெரியும். அவர் தம் திரையில் இருந்ததை மறைக்காமல் சொன்னார், அதற்காக அவர்மீது மதிப்பே உண்டு. ஆனால், பழைய புகாரைத் திறக்க மேலாளரைக் கேட்க வேண்டும் என்ற விவரத்தை, பணம் கொடுத்துச் சேவை ஒப்பந்தம் வாங்கிய நான் முன்னாள் ஊழியர் ஒருவரின் பதிவில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்த வரி ஒப்பந்தத்தாளில் அல்லவா அச்சாகியிருக்க வேண்டும்?

கணக்கெழுதும் அலுவலகம் நடத்துபவர்:

எங்களுக்கு நேர்ந்தது வேறு வகை. கணக்கு மென்பொருள் திறக்கவில்லை என்று எங்கள் பணியாளர் அதன் பெயரோடு ‘உதவி எண்’ என்று இணையத்தில் தேடியிருக்கிறார். தேடல் முடிவுகளின் உச்சியில் இருந்தது விளம்பரம். அதிலிருந்த எண்ணை அழைத்துவிட்டார். எதிர்முனையில் பேசியவர் நம் இடத்துச் சேவை ஊழியர்களைவிடக் கனிவாகப் பேசினாராம். தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் செய்து, கணினியின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து, அதிலிருந்த சிவப்புக் குறிகளையெல்லாம் வைரஸ் என்று காட்டியிருக்கிறார். அந்தக் குறிகள் எந்தக் கணினியிலும் வழக்கமாக இருப்பவை.

பிறகு கறுப்புத் திரையில் ஒரு கட்டளையை அடித்து, 888 என்று தொடங்கும் நீண்ட எண் ஒன்றைக் காட்டி, ‘இது உங்கள் கணினிக்கு மட்டுமே உரிய உரிம எண். எங்கள் பதிவேட்டில் உள்ளதைப் படிக்கிறேன், சரிபாருங்கள்’ என்றிருக்கிறார். நான் அறைக்குள் வந்தபோது, எங்கள் பணியாளர் திரையில் விரலை வைத்து, எண்ணுக்கு எண், எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் பொருந்தின. பொருந்தாமல் எப்படி இருக்கும்? அது கோப்பு வகைகளின் பட்டியலில் வரும் ஒரு குறியீடு. விண்டோஸ் உள்ள எல்லாக் கணினிகளிலும் அதே எண்தான். கணக்கெழுதும் வேலையில் நாங்கள் நாள்தோறும் செய்வது இரண்டு ஏடுகளை ஒப்பிடுவதுதான். அந்த நேர்மையான பழக்கத்தையே பிடித்து ஒருவர் ஏமாற்ற முனைந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். வேறு கணினியிலிருந்து வங்கிக் கடவுச்சொற்களை மாற்றி, அந்தக் கணினியைத் துடைத்து மறுபடி நிறுவினோம். மென்பொருள் நிறுவனத்தின் உண்மையான மையத்துக்குச் சொன்னபோது, ‘அந்த எண் எங்களுடையது அன்று’ என்ற பதிலோடு அந்தப் புகாரும் முடிக்கப்பட்டது. அவர்கள் தங்கள் உதவி எண்ணை மென்பொருளின் முதல் திரையில் போட்டிருந்தால், பணியாளர் எங்கும் தேடியிருக்கவே மாட்டார்.

வடிவமைப்புக் கூடம் நடத்துபவர்:

கேபிளைப் பிடுங்கியது சரியான செயல். ஆனால், துடைத்து நிறுவினோம் என்று ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். துடைப்பதற்குமுன் தரவின் நகல் இருந்ததா என்பதுதான் எனக்கு முதலில் எழுந்த கேள்வி. எங்கள் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியில் நான்கு வட்டுகளில் ஒன்று பழுதாகிப் பெட்டி ஓயாமல் பீப் ஒலி எழுப்பியபோது, சேவை ஊழியர் பின்புறத்தில் உள்ள ரீசெட் ஊசித்துளைக்குள் பின்னை நுழைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பின்னைத் துளைக்கருகே கொண்டுபோன பிறகு, ‘உள்ளே இருக்கும் கோப்புகள்?’ என்று கேட்டேன். ‘தரவுக்கு நிறுவனம் பொறுப்பேற்காது’ என்று படிவத்தில் இருந்ததைப் படித்தார். பின்னை மேசைமேல் வைத்துவிட்டு அழைப்பை முடித்தேன். புதிய வட்டு வாங்கிச் செருகியதும் பெட்டி தன்னைத் தானே சீரமைத்துக்கொண்டது.

எனவே எல்லோருக்கும் சொல்கிறேன். பல வட்டுகள் கொண்ட பெட்டியைக் காப்பு நகல் என்று எண்ணாதீர்கள். ஒரு வட்டு பழுதானால் அது தாங்கும். ஆனால் நீங்களே கோப்பை அழித்தாலோ, பணயத் தீநிரல் (பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீநிரல்) பூட்டினாலோ எல்லா வட்டுகளிலும் ஒரே நொடியில் அதுவே நடக்கும். மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறு இடத்தில் என்ற 3-2-1 முறை பழையதுதான், இன்றும் அதைவிட எளிய வழி இல்லை. வேறு இடத்தில் உள்ள பிரதி எப்போதும் கணினியோடு இணைந்தே இருக்கக் கூடாது. நகல் எடுத்தால் மட்டும் போதாது; அவ்வப்போது ஒரு கோப்பையேனும் அதிலிருந்து மீட்டுத் திறந்து பாருங்கள். பச்சை விளக்கு எரிகிறது என்று நம்பியிருந்து, மீட்கும் நாளில் வெறும் கோப்புறையைக் கண்ட தொழில்நண்பர்கள் எனக்கு உண்டு. எந்தச் சேவை மையத்தையும் அழைக்கும் முன் நகல் கையில் இருந்தால், ஊழியர் எதைச் சொன்னாலும் பதறாமல் கேட்கலாம்.

கணக்கெழுதும் அலுவலகம் நடத்துபவர்:

நகல் இருந்தது. முந்தைய நாள் இரவில் எடுத்தது, அதுவும் கேபிள் கழற்றி இரும்புப் பெட்டியில் வைத்த வட்டில்.

பார்சல் அனுப்பும் சிறுதொழில் செய்பவர்:

எல்லோரும் மனக்குறையை எழுதுகிறீர்கள். என்னை உறுத்துவது நன்றி சொல்ல முடியாமல் போனது. லேபிள் பிரிண்டரில் வந்த பார்கோடுகளை ஸ்கேனர் படிக்க மறுத்தது. கண்ணுக்கு அவை நல்ல கறுப்பாக, முன்பைவிடத் தெளிவாகவே தெரிந்தன. மையத்தில் எடுத்தவர் எதையும் அணைத்துப் போடச் சொல்லாமல், லேபிளைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். படத்தைப் பார்த்துவிட்டு, ‘கோடுகள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டுகின்றன, இடையிலுள்ள வெள்ளை குறைந்துவிட்டது, சூட்டைக் குறையுங்கள்’ என்றார். வெப்பத்தால் அச்சிடும் இயந்திரத்தில் கருமையைக் கூட்டுவது சூட்டைக் கூட்டுவதுதான்; சூடு மிகுந்தால் கோடு பரந்து இடைவெளியை விழுங்கிவிடும், ஸ்கேனர் படிப்பதோ கோட்டையும் இடைவெளியையும் சேர்த்துத்தான். கருமையைக் குறைத்ததும் முதல் லேபிளிலேயே ஸ்கேனர் ஒலித்தது. அந்த ஒலி தொலைபேசி வழியே அவருக்கும் கேட்டுச் சிரித்தார்.

பிறகு வந்த படிவத்தில் ஒன்று முதல் ஐந்து வரை எண்கள் மட்டுமே இருந்தன, எழுத இடம் இல்லை. நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்; ‘உங்கள் கோரிக்கை பதிவாகியுள்ளது’ என்று ஒரு புகார் எண் வந்தது, சில நாளில் அதுவும் முடிக்கப்பட்டது. சேவை மையத்தில் பணியாற்றிய நண்பரிடம் கேட்கிறேன்: ஓர் ஊழியர் நன்றாக வேலை செய்தார் என்று எழுதினால், அந்தக் கடிதம் அவர் கைக்கோ அவர் மேலாளர் கைக்கோ போய்ச் சேரும் வழி உள்ளே ஏதேனும் உண்டா? இருந்தால் சொல்லுங்கள், அவருடைய பெயரையும் அழைத்த தேதியையும் எழுதி வைத்திருக்கிறேன்.