பதில்: பழுதான வன்தட்டிலிருந்து படங்கள் – ‘கோப்புச் செதுக்கல்’ சரியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழுதான தட்டிலிருந்து படங்களைத் தேடியெடுக்கும் முறையை ஆங்கிலத்தில் ‘ஃபைல் கார்விங்’ என்கிறார்கள். அதைத் தமிழில் ‘கோப்புச் செதுக்கல்’ எனலாம் என்ற பரிந்துரையில் எனக்கு உடன்பாடில்லை. செதுக்குகிறவர் கல்லைக் கழித்துக் கழித்துப் புதிய உருவம் ஒன்றைக் கொண்டுவருகிறார். இழந்த படங்களைத் தேடியெடுக்கும் ஃபோட்டோரெக் போன்ற மென்பொருள்களுக்கு அந்த வேலை கிடையாது. கோப்பு அட்டவணை சிதைந்தால் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற குறிப்புதான் தொலைகிறது. படத்தின் பைட்டுகள் பெரும்பாலும் தட்டிலேயே கிடக்கும். அதனால் மென்பொருள் தட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்துக்கொண்டே போகிறது. ஜேபெக் படம் பதினறும எண்ணில் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்று தொடங்கும், எஃப்எஃப் டி9 என்று முடியும். தொடக்க அடையாளம் தட்டுப்பட்டதும் அங்கிருந்து ஒரு கோப்பாகப் பிரித்தெடுக்கிறது. ஆற்று மணலை அரித்துப் பொன் துகள் எடுப்பது போன்ற வேலை இது.

ஆகவே ‘அரித்தெடுப்பு’ என்கிறேன். அரித்தெடு, அரித்தெடுத்த படங்கள் என்று எப்படியும் வளைந்துகொடுக்கும். ‘அரிப்பு’ என்று சுருக்கிவிடக் கூடாது, தோல் நோய்தான் நினைவுக்கு வரும். ‘அகழ்வு’ அழகான சொல்தான், ஆனால் ‘தரவு அகழ்வு’ (டேட்டா மைனிங்) வேறு பொருளில் முன்பே வழங்குகிறது.

எல்லாவற்றையும் ‘மீட்பு’ என்றே சொன்னால் என்ன என்று கேட்கலாம். மீட்பு என்றதும் எல்லாம் பழையபடி வந்துவிடும் என்றுதான் பயனர் நினைப்பார். அரித்தெடுத்த படத்துக்குப் பழைய பெயரும் இருக்காது, கோப்புறையும் இருக்காது. எடுத்த தேதி படத்துக்குள்ளேயே எக்ஸிஃப் என்ற குறிப்புப் பகுதியில் பதிந்திருந்தால் அது தப்பும். தட்டில் துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்ட படம் என்றால் பல நேரம் பாதிதான் தெரியும்.

எனக்கு இதைவிடக் கவலை ‘படிமம்’ பற்றித்தான். பழுதாகிவரும் தட்டை அப்படியே வேறொரு தட்டில் படியெடுப்பதையும் படிமம் என்கிறோம், புகைப்படத்தையும் படிமம் என்கிறோம். “படிமத்திலிருந்து படிமங்களை மீட்கவும்” என்று உதவிப் பக்கத்தில் எழுதினால் பதற்றத்தில் இருப்பவருக்கு என்ன புரியும்? ‘நகல்’ என்றாலோ கோப்புகளை இழுத்துப்போடுவார். அப்போது அழிந்த படங்கள் கிடக்கும் காலியிடம் வராது. பழுதான தட்டைப் படியெடுக்கும் மென்பொருளான டிடிரெஸ்க்யூ காலியிடத்தையும் சேர்த்தே எடுக்கிறது; நன்றாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்கு அப்புறம் திரும்பி வருகிறது. இதற்கு ‘முழுப்படி’ என்று வைக்கலாமா?

அப்படி வைத்தால் உதவிப் பக்கத்தில் இப்படி எழுதலாம்: “முதலில் முழுப்படி எடுங்கள். அரித்தெடுப்பை அந்தப் படியில் மட்டும் செய்யுங்கள். பழைய தட்டில் எதையும் எழுதாதீர்கள். தட்டிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தூய்மை அறை வசதி உள்ள வல்லுநரிடம் கொடுங்கள்.”

‘முழுப்படி’யைவிடத் தெளிவான சொல் இருந்தால் எழுதுங்கள். ‘அரித்தெடுப்பு’க்கு மறுப்பு வராவிட்டால் மொழிபெயர்ப்புக் கோப்பில் சேர்த்துவிடுகிறேன்.