வேக்ஸிங்கா, ஷேவிங்கா? கை, கால், அக்குள், முகம் பற்றிய எங்கள் அனுபவங்கள்

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்:

ரேசர் பட்டால் பெண்பிள்ளையின் முடி கருகருவென்று தடித்து வளர்ந்துவிடும் என்ற அச்சம் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. அந்த அச்சத்தினாலேயே, வேக்ஸிங் ஒத்துக்கொள்ளாத தோல் உள்ள பெண்களும் வலியையும் கொப்புளங்களையும் பொறுத்துக்கொண்டு அதையே தொடர்ந்து செய்துகொள்கிறார்கள். என் தங்கை பல ஆண்டுகள் அப்படித் துன்பப்பட்டாள் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஷேவிங் செய்யும்போது தோலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முடி மட்டுமே வெட்டப்படுகிறது. முடி எவ்வளவு தடிமனாக, எந்த நிறத்தில், எவ்வளவு வேகமாக வளர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் வேர்ப்பகுதி தோலுக்கு அடியில் இருப்பதால், பிளேடு அதைத் தொடுவதே இல்லை. தானாக வளர்ந்த முடியின் நுனி மெலிந்திருக்கும். வெட்டுப்பட்ட முடியின் நுனி மொட்டையாக இருப்பதால், அது மீண்டும் வெளியே வரும்போது கைக்குச் சொரசொரவென்று தட்டுப்படுகிறது, கண்ணுக்கும் கருமையாகத் தெரிகிறது. மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர் 1928-லேயே ஆண்களின் முகமுடியை ஆராய்ந்து, ஷேவிங்கால் முடியின் தடிமனும் கூடுவதில்லை, வளரும் வேகமும் கூடுவதில்லை என்று எழுதிவிட்டார். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகியும் அந்தச் செய்தி நம் வீட்டுக்குள் வந்து சேராதது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

என் தங்கைக்குக் கைகளில் வேக்ஸிங் செய்தால் ஒரு தொந்தரவும் வராது. அக்குளில் செய்தால் மட்டும், இரண்டு மூன்று நாட்களில் மயிர்க்கால்கள் ஒவ்வொன்றும் சிவந்து வீங்கி, சிலவற்றில் சீழ் கோத்து, அவை ஆறிய இடமெல்லாம் கரும்புள்ளிகளாக நின்றுவிடும். வேனல் கட்டி என்று நினைத்து வீட்டில் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்கள். தோல் மருத்துவர் பார்த்துவிட்டு, இது மயிர்க்காலில் ஏற்படும் அழற்சி என்றும், வேரோடு பிடுங்கிய இடத்தில் புதிதாக முளைக்கும் முடி வெளியே வரத் தெரியாமல் தோலுக்குள்ளேயே வளைந்து வளர்வதும் இதில் சேர்ந்திருக்கிறது என்றும், நம்மைப் போன்ற மாநிறத் தோலில் இத்தகைய புண்கள் ஆறிய பின்பும் கருமை நீண்ட காலம் தங்கும் என்றும் விளக்கினார். இப்போது கைக்கு வேக்ஸிங், அக்குளுக்கு ரேசர் என்று பிரித்து வைத்திருக்கிறாள். கொப்புளம் வருவது நின்றுவிட்டது. கருமை மெல்ல மெல்லத்தான் குறைந்து வருகிறது. உடம்பு முழுவதற்கும் ஒரே முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை என்பதே நான் சொல்ல விரும்புவது.

கோயம்புத்தூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

மதுரைச் சகோதரி எழுதியதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். அழகு நிலையத்தில் வேலை செய்பவள் என்ற முறையில் வேக்ஸிங் எனக்குச் சோறு போடும் தொழில். ஆயினும் எல்லாருக்கும் அது ஏற்றதென்று நான் சொல்வதில்லை. நாற்காலியில் உட்காருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, முகப்பருவுக்கு ஏதாவது மருந்து எடுத்துக்கொள்கிறீர்களா என்பதுதான். டிரெடினாயின், அடாபலீன் போன்ற களிம்புகளைத் தடவுகிறவர்களின் மேல்தோல் இளகியிருப்பதால், அந்த இடத்தில் வேக்ஸ் பட்டையை இழுக்கும்போது முடியோடு தோலும் உரிந்து வந்துவிடும். வேறோர் இடத்தில் மேலுதட்டுக்கு வேக்ஸிங் செய்துகொண்டு, மூக்குக்குக் கீழே தோல் உரிந்த சிவப்புப் பட்டையோடு ஒரு கல்லூரி மாணவி என்னிடம் அழுதுகொண்டே வந்தாள். பருவுக்குக் களிம்பு பூசுகிறாயா என்று அங்கே யாரும் அவளிடம் கேட்கவேயில்லை. ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மாத்திரையை நிறுத்திய பின்பும் ஆறு மாதம் வரை வேக்ஸிங் பக்கமே வரக்கூடாது.

முறையாகச் செய்தால் வேக்ஸிங் கைகால்களுக்கு நல்ல முறை என்பதையும் சொல்ல வேண்டும். முடி வேரோடு வருவதால் மூன்று வாரம் முதல் ஆறு வாரம் வரை கவலையில்லை. புதிதாக முளைக்கும் முடியின் நுனி மெலிந்திருப்பதால் சொரசொரப்பும் இராது. எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளரும் பருவத்தில் இருப்பதில்லை. அதனால் பத்து நாளில் ஆங்காங்கே சில முடிகள் தலைகாட்டினால், பார்லரில் சரியாகச் செய்யவில்லை என்று எண்ண வேண்டாம். அன்று தோலுக்குள் இருந்தவை இப்போது வெளியே வருகின்றன, அவ்வளவுதான். முடி ஓர் அரிசி மணி நீளமாவது வளர்ந்திருந்தால்தான் வேக்ஸ் பிடிக்கும். அதற்கு முன்பே அவசரப்பட்டு வந்தால் முடி பாதியில் அறுந்து, தோலுக்குள் வளைந்து வளரத் தொடங்கும்.

நீங்கள் பார்லருக்குச் செல்லும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. பவுடர் போட்டு ஈரத்தை எடுத்த பிறகு, முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே வேக்ஸைத் தடவி, ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பட்டையை எதிர்த்திசையில் தோலை ஒட்டினாற்போல் இழுக்க வேண்டும். மேல்நோக்கி வெடுக்கென்று தூக்கினால் தோலடியில் இரத்தம் கட்டும். ஒருவருக்குத் தடவிய கரண்டியை மீண்டும் அதே பாத்திரத்தில் விட்டு அடுத்தவருக்குத் தடவுவதைக் கண்டால், தயங்காமல் எழுந்து வந்துவிடுங்கள். சிலருக்கு வேக்ஸில் கலந்திருக்கும் குங்கிலியம் போன்ற பிசின் ஒத்துக்கொள்ளாமல் அரிப்பும் தடிப்பும் வரும் என்பதால், புதிய வேக்ஸை முதலில் முன்கையில் ஓரிடத்தில் மட்டும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். செய்துகொண்ட அன்று இறுக்கமான லெக்கிங்ஸையும் வெயிலில் அலைவதையும் வெந்நீர்க் குளியலையும் தவிர்ப்பது நல்லது. நம் ஊர் வியர்வையில் திறந்திருக்கும் மயிர்க்கால்களுக்குள் கிருமிகள் சேர்ந்தும் கொப்புளங்கள் வரலாம்.

தஞ்சாவூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

சர்க்கரை நோய் உள்ளவர்களைப் பற்றி ஒருவரும் எழுதாததால் இதைச் சேர்க்கிறேன். என் அம்மாவுக்குச் சர்க்கரை நோயினால் காலில் உணர்ச்சி குறைந்திருக்கிறது. சூடான வேக்ஸ் சுடுகிறதா என்பது அவருக்கே தெரியாது. புண் ஏற்பட்டாலோ ஆறுவதற்கு நாளாகும். நரம்புச் சுருட்டல் உள்ளவர்களுக்கும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும் என்று எங்கள் மருத்துவர் சொன்னார். அம்மாவுக்கு நான் பேட்டரியில் இயங்கும் டிரிம்மரைத்தான் பயன்படுத்துகிறேன். முடி முழுவதுமாக நீங்கிவிடாது என்றாலும், தோல் அறுபடும் வாய்ப்பு மிகக் குறைவு.

நான் ரேசர் பயன்படுத்துகிறேன். உலர்ந்த தோலில் அவசரமாக இழுப்பதுதான் எரிச்சலுக்கு முதற்காரணம். குளித்து முடிக்கும் நேரத்தில் முடி ஈரத்தில் ஊறி மென்மையாக இருக்கும்போது, நுரை பூசி, முடி வளரும் திசையிலேயே மெதுவாக வழித்தால் எரிச்சல் பெரும்பாலும் வருவதில்லை. மழுங்கிய பிளேடைப் பயன்படுத்தாதீர்கள். வீட்டில் இருப்பவர்களானாலும் ஒருவர் ரேசரை இன்னொருவர் தொடக்கூடாது. குளியலறையின் ஈரத்திலேயே அதைப் போட்டு வைக்காமல் உலர வைத்து எடுத்து வையுங்கள்.

திருவண்ணாமலையிலிருந்து ஓர் உறுப்பினர்:

முகவாயில் வளரும் முடியைப் பற்றிச் சொல்கிறேன். கல்லூரியில் படித்த காலத்தில் என் தாடையிலும் கழுத்திலும் கருத்த முடி முளைக்கத் தொடங்கியது. கஸ்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்கும் அரைத்துப் பூசினார்கள். முகம் மணத்தது, முடி குறையவில்லை. பிறகு மேலுதட்டோடு தாடைக்கும் வேக்ஸிங் செய்துகொண்டபோது, வலியைவிட அதற்குப் பின் வந்த பருக்களும் கரும்புள்ளிகளும்தான் என்னை வீட்டுக்குள் முடக்கின. மாதவிடாயும் ஒழுங்காக வருவதில்லை என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. மகப்பேறு மருத்துவர் இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்துப் பார்த்து, பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை என்று கண்டுபிடித்தார். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இது இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

மருந்து பலன் தர மாதக்கணக்கில் ஆகும், அதுவரை முடியைப் பிடுங்காதே, வேண்டுமானால் ஷேவிங் செய்துகொள் என்று மருத்துவர் சொன்னபோது, என் அம்மாவின் முகம் வெளிறிப்போனது. பெண்பிள்ளை முகத்தில் ரேசர் வைப்பதா என்று அவர் கேட்ட கேள்விக்கு, அந்த மருத்துவர் பொறுமையாக, முடி ஏன் வளர்கிறது என்பதை ஒரு தாளில் வரைந்து காட்டினார். இன்று அம்மாவே எனக்குப் புதிய ரேசர் வாங்கி வருகிறார். தாடையிலோ மார்பிலோ திடீரென முடி தடித்து வளர்ந்தால், வேக்ஸிங்கா ஷேவிங்கா என்று யோசிப்பதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள், தோழிகளே. பெண்ணைப் பெற்ற அம்மாக்களும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

விழுப்புரத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் பிரசவ வார்டில் செவிலியராக இருக்கிறேன். பிரசவத்துக்கு வரும் பெண்கள் பலர், மருத்துவமனையில் திட்டுவார்கள் என்று பயந்து, நிறைமாத வயிற்றோடு கீழே பார்க்கவும் முடியாமல், பிறப்புறுப்புப் பகுதியை வீட்டிலேயே ரேசரால் வழித்துக்கொண்டு வருகிறார்கள். சுகப்பிரசவத்துக்காக அந்தப் பகுதியை வழக்கமாக மழிப்பது வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பரிந்துரைகளிலேயே இருக்கிறது. அறுவை சிகிச்சைக்கும், கட்டாயம் முடியை எடுத்தாக வேண்டும் என்றால் கிளிப்பரால் கத்தரிக்க வேண்டுமே தவிர ரேசர் கூடாது. பிளேடு படும்போது கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு கீறல்கள் விழுந்து, அங்கே கிருமிகள் பெருகி, தையல் போட்ட இடத்தில் சீழ் பிடிக்க இடமுண்டு. ஆகவே ரேசரைப் பற்றி மேலே சகோதரிகள் எழுதிய நல்லவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் சிசேரியனுக்கோ வேறு அறுவை சிகிச்சைக்கோ நாள் குறித்திருப்பவர்கள் அறுவை நடக்கும் பகுதியில் ரேசரையும் வேக்ஸையும் தொடாமல் அப்படியே வாருங்கள். எடுக்க வேண்டியிருந்தால் நாங்களே கிளிப்பரால் எடுத்துவிடுவோம். அதற்காக உங்களை யாரும் ஒரு சொல்லும் சொல்லக்கூடாது, சொன்னால் தலைமைச் செவிலியரிடம் தயங்காமல் தெரிவியுங்கள்.